இருபதாம் கோடு வரை

பிள்ளைகள் இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன கிழமை மகள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் ஒரு விஷயம் கேட்டாள். நீரிழிவுக்கென்று தனியாகப் படித்த தாதியாக வருவதற்கு என்ன செய்யவேண்டும் என்று. பயிற்சிக்கு ஆள் கேட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அவளுடைய வார்ட்டில் இரண்டு மூன்று பேர் விண்ணப்பிக்கப் போகிறார்களாம். நான் சொல்லத் தொடங்கிப் பாதிக்கு வருவதற்குள் அவள் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். மகன் தூர தேசத்தில் இருக்கிறான். அப்பா ஒருமுறை சோதனை நடக்கும்போது எழும்பி ஓடினவர் என்று அம்மா சொல்லிச் சிரிப்பதை மட்டும் அவன் கேட்டிருக்கிறான். ஏன் ஓடினேன் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தரத்தில் மூன்று சாதாரண சித்தி எடுத்தவன். அதை வைத்துத்தான் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குள் போனேன். அங்கே மூன்று வருஷம். பிறகு வார்ட்டுகளில் வேலை. சத்திரசிகிச்சை வார்ட்டில் என்னைப் போட்டார்கள். அங்கேயே வருஷங்கள் போய்விட்டன. அந்த வார்ட்டில் எனக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் நீரிழிவுக்காரரின் கால்களுக்கு மருந்து கட்டுவது. ஒருவர் பெருவிரலில் புண்ணோடு வருவார். விரலை எடுத்துவிட்டு அனுப்புவோம். அடுத்த மழைக்காலம் அதே ஆள் பாதத்தோடு வருவார். பிறகு முழங்காலுக்குக் கீழே. நான் கட்டுக் கட்டும்போது அவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், இப்படி வரும் என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை என்று. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஐம்பது வயதுக்கு மேலே விண்ணப்பம் போட்டேன். ஓய்வுக்குப் போகிற வயதில் பள்ளிக்கூடமா என்று உங்கள் அம்மா கேட்டாள்.

நேர்முகப் பரீட்சை முடிந்து கொழும்பில் சில மாதம் வகுப்பு. பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு என்னுடைய வயதில் பாதி. அவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்துவிட்டு, பிறகு அறைக்குப் போய் ஏன் சிரித்தோம் என்று அகராதி பார்ப்பேன். வகுப்பு முடிய, சொந்த இடத்துக் கிளினிக்கில் அனுபவமுள்ள நீரிழிவுத் தாதி ஒருவரின் கீழே நின்று பழகவேண்டும். கடைசியில் கொழும்பிலிருந்து மதிப்பிட ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் உண்மையான நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போடப் பழக்கிக் காட்டவேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் கிளினிக்கில் உனக்கென்று ஒரு மேசை. இப்போது ஒழுங்குகள் மாறியிருக்கும். சுற்றறிக்கையை நன்றாக வாசி, மகள்.

எனக்குக் கிடைத்த மேலாள் ஸ்டெல்லா மிஸ். குருநகர் ஆள், கடற்றொழில் செய்கிற குடும்பம். என்னிலும் எத்தனையோ வயது இளமை. என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணை என்ற சொல் காதில் விழுந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பேன். குரலை உயர்த்திக் கதைத்ததை நான் கண்டதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவருடைய மேசைக்கு முன்னால் ஒரேயொரு கதிரை. அது நோயாளிக்கு. கிளினிக் தொடங்கியதிலிருந்து கடைசி ஆள் போகும்வரை மிஸ் நின்றபடிதான். எங்களையும் இருக்கவிடமாட்டார். இன்னொரு சட்டம், "விளங்கினதோ?" என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கக்கூடாது. நான் பழகப்போன முதல் கிழமை தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு இன்சுலின் போடுவதைச் சொல்லிக்கொடுத்தேன். நல்லாய்ச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் விளங்கினதோ ஐயா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். நான் ஆம்பிளை என்பதால் என்னை டொக்டர் என்று நினைத்துக் கும்பிடவும் செய்தார். மிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பு, உதை இப்ப எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

அவர் போத்தலை மேசையில் நிமிர்த்தி வைத்து, மேலாலே ஊசியைக் குத்தி இழுத்தார். போத்தலைத் தலைகீழாகப் பிடிக்க மறந்துபோனார். ஊசிக்குள் வந்தது முழுக்கக் காற்று. அதை நல்ல கவனமாகக் கோட்டுக்கு அளந்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவரை மறுபடி பழக்கி அனுப்பினபிறகு மிஸ் சொன்னார், "அண்ணை, தலையாட்டுறதுக்கு விளக்கம் தேவையில்லை. வெருண்ட சனமும் தலையாட்டும்."

மூன்றாவது சட்டம் பை. வருகிறவர் எவராக இருந்தாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையை மேசையில் கொட்டச் சொல்லுவார். ஊசி, போத்தல், மாத்திரை, தின்பண்டம் எல்லாம் வெளியே வரவேண்டும். ஒருமுறை கடற்றொழிலாளி ஒருவருடைய போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மீன் மணக்குது. ஐசுப் பெட்டிக்குள்ளையோ வச்சனீங்கள்?"

அந்த மனிசன் அசந்துபோனார். குளிரில் வை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வள்ளத்தில் மீனோடு மீனாக வைத்திருக்கிறார். உறைந்த இன்சுலின் பச்சைத்தண்ணி மாதிரித்தான்.

நாலாவதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துக் குறிப்புப்படி, நாங்கள் கொடுக்கிற இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடவேண்டும். மிஸ் அதை அப்படிச் சொல்லவிடமாட்டார். வள்ளம் வந்தால்தான் கறி என்கிற வீட்டில் அரை மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் ஆகும். மருந்து உடம்புக்குள் போய்ச் சாப்பாடு போகாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி ஆள் விழும். அதனால் அவர் எங்களுக்குப் பழக்கிய வசனம் இது: "சோத்துப்பானை அடுப்பாலை இறங்கினாப் பிறகுதான் ஊசி."

இனிப் பூமணி அக்காவின் கதை.

பூமணி அக்கா மயிலிட்டி ஆள். இடம்பெயர்ந்து இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டில் முகாமில் பாதி ஆயுளைக் கழித்தவர். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டபிறகு, புருஷன் செல்வராசா அண்ணையோடு திரும்பி வந்து புது வீடு ஒன்றில் இருந்தார். முகாமில் இருக்கும்போதே நீரிழிவு வந்து, அங்கேயே தனக்குத் தானே ஊசி போடப் பழகியவர். காலையில் இருபது, பின்னேரம் இருபது. வரும்போது கையில் கொண்டுவந்த இன்சுலின் முடியும்மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. அது முடிய, இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போத்தல் எடுத்தார். அதன்பிறகுதான் தொடங்கியது.

முதல்நாளே மயங்கி விழுந்தார். செல்வராசா அண்ணை கடற்தொழிலுக்குப் போய் வந்து பார்க்க, குசினி வாசலில் வியர்வையில் நனைந்து கிடந்தாராம். சாப்பிடாமல் ஊசி போட்டிருப்பார் என்று அளவைக் குறைத்தார்கள். மறுபடி விழுந்தார். இந்தமுறை வலிப்பும் வந்தது. இன்னும் குறைத்தார்கள். கடைசியில் எட்டு என்று எழுதியபிறகுதான் ஆள் எழும்பி நடமாடினார். எல்லாம் சரி என்று இருக்கும்போது, கரையில் கல் வெட்டிக் காலில் புண். அதற்காக எங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்தார்கள்.

வார்ட்டில் அதே எட்டைப் போட்டார்கள். சீனி இறங்கவேயில்லை. புண் ஆறவில்லை. பத்தாக்கினார்கள், பதினாலாக்கினார்கள். இருபதுக்கு வந்தபிறகுதான் சீனி ஒரு நிலைக்கு வந்தது, புண்ணும் மூடத் தொடங்கியது. வீட்டில் எட்டுக்கே அடங்குகிற உடம்பு, வார்ட்டில் இருபது கேட்கிறது. வைத்தியருக்கே இது மனதுக்குச் சரியாகப் படவில்லை. புண் இருப்பதால் மருந்து கூடத் தேவைப்படும், அது நியாயம்தான், ஆனால் இவ்வளவா என்று ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கேட்டார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு உடம்போ மிஸ்?"

மிஸ் செல்வராசா அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார். மனிசி வீட்டில் சாப்பிடுகிறதோ, விரதமோ, ஊசியை இரண்டுதரம் போடுகிறதோ. மனிசன் கோபப்பட்டுவிட்டார். தன்னைவிட அவள் இரண்டு அகப்பை கூடச் சாப்பிடுகிறவள் என்றார். அதற்குமேல் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. பையைக் கொட்டலாம் என்றால், வார்ட்டுக்கு வந்தவரிடம் வீட்டுப் பை இல்லை.

அவருக்கு வீட்டுக்குப் போகத் துண்டு எழுதிக் கொடுத்து வார்ட்டிலிருந்து அனுப்பிய நாளும் என் மதிப்பீட்டு நாளும் ஒன்றாக வந்தன.

கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பயிலுனர்கள் நாலு பேர், நான் கடைசி ஆள். மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கும் என்றார்கள். காலை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம்போலப் பூமணி அக்காவும் புருஷனும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். போகுமுன் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். மிஸ் அப்போது கொழும்பு ஆட்களோடு உள்ளே.

பையைக் கொட்டச் சொன்னேன். ஒரு சீலை, சவர்க்காரம், தேர்மாஸ் போத்தல், நாங்கள் கொடுத்த இன்சுலின். ஊசியைக் காணவில்லை. அந்த நாட்களில் ஊசிக்குச் சரியான தட்டுப்பாடு. இருந்ததில் இரண்டை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"ஊசி வேணாம் தம்பி" என்றார். "வீட்டுல கட்டுக் கட்டா இருக்கு. அங்கேருந்து தங்கச்சி குடுத்துவிட்டா. மெல்லிசு, வலிக்கவே வலிக்காது."

இரண்டு ஊசி மிச்சம் என்று, எடுத்ததைத் திரும்ப வைத்தேன். எங்கள் ஊசியொன்றால் செய்து காட்டச் சொன்னேன். என்ன கை அது! போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி, மூடியைத் துடைத்து, காற்றை ஏற்றி, தலைகீழாகப் பிடித்து, இருபதாம் கோட்டுக்கு மயிரிழை பிசகாமல் இழுத்தார். எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். சோறு இறங்கினபிறகு என்றார். நான்தான் வார்ட்டில் வைத்து அந்த வசனத்தை அவருக்குப் பாடமாக்கியவன். இப்படி ஒரு ஆள் என் மதிப்பீட்டுக்குக் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

அவர் ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, இருபதுன்னு சொல்லிட்டு இம்புட்டுத் துளிதான் இருக்கு?"

செல்வராசா அண்ணை விடவில்லை. "கவுண்மேந்து ஆஸ்பத்திரி அளந்துதான் தரும். நீ உந்த ஆமாவை விட்டிட்டு ஓம் எண்டு சொல்லிப் பழகு, கூடத் தருவினம்."

"ஆமா, இவருக்கு மட்டும் ரொம்பத் தெரியும்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு பேரும் போனார்கள்.

மூன்றாவது பயிலுனர் உள்ளே போனபோது நான் என்னுடைய தட்டை அடுக்கத் தொடங்கினேன். பஞ்சு, போத்தல், செம்மஞ்சள் மூடி போட்ட ஊசிகள். கை பழகட்டும் என்று ஒரு ஊசியில் தண்ணீரை இருபதுக்கு இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உண்மையிலே துளிதான். இவ்வளவு காலம் கண்டதுதானே, எனக்கு அது எப்போதும் இருபதாகத்தான் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு மேலாகத் தானே ஊசி போடுகிற மனிசிக்கு மட்டும் அது ஏன் கொஞ்சமாகத் தெரியவேண்டும்?

கொழும்பு வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் சிவப்பு மூடி போட்ட ஊசியொன்றைக் கைக்குக் கை மாற்றிக் காட்டினார். இந்தியாவில் போத்தலில் வருகிற இன்சுலின் அநேகமாக எங்களுடையதைவிட நீர்த்தது. எங்கள் போத்தலில் ஒரு மில்லிலீற்றரில் நூறு யூனிற் என்றால், அதில் நாற்பது. அதற்கென்று செய்த ஊசியில் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அந்த மருந்துக்கு அந்த ஊசி சரி. எங்கள் மருந்தை அந்த ஊசியில் இழுத்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். இங்கே அது வராது, தெரிந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

நான் கையில் கிடந்த தாளில் பெருக்கிப் பார்த்தேன். வீட்டில் அவர் எட்டாம் கோட்டுக்கு இழுத்தபோது உடம்புக்குள் போனது இருபது. அதனால் எட்டு போதுமாக இருந்தது. வார்ட்டில் நாங்கள் எங்கள் ஊசியால் போட்டோம், அதனால் இருபது வேண்டியிருந்தது. ரெண்டு உடம்பு இல்லை, ரெண்டு ஊசி. அந்த முதல்நாள், அந்த வலிப்பு, எல்லாம் சரியாகப் பொருந்தியது. இப்போது நாங்கள் இருபது என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இன்று பின்னேரம் அவர் சிவப்பு மூடி ஊசியில் இருபதாம் கோட்டுக்கு இழுத்தால் போகப்போவது ஐம்பது. செல்வராசா அண்ணை வீட்டில் இல்லாவிட்டால் விழுகிறவரைத் தூக்க ஆள் இல்லை.

செல்வராசா அண்ணையின் தொலைபேசிக்கு எடுத்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போகிற குடும்பநல மாதுவுக்கு எடுத்தேன். அவர் லீவில் கொழும்பில் நின்றார். அம்புலன்ஸ், விழுந்த ஆளுக்குத்தான் வரும். விழப்போகிற ஆளுக்கு வராது.

மிஸ்ஸைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். வாய்க்குள் பெருக்கினார்.

"ஊசியைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

"இல்லை மிஸ். ஊகம்தான். தங்கச்சி அனுப்பினது எண்டு சொன்னவ."

"உங்கடை ஊகம் பிழைச்சால்?"

 ஊகம் பிழையானால், ஒரு சுகதேகிக்குப் பின்னால் ஓடி என் வாய்ப்பைத் தொலைத்தவனாவேன். உள்ளே மூன்றாவது பிள்ளை முடிக்கிற சத்தம் கேட்டது. மிஸ் போகமுடியாது, மதிப்பிட வந்தவர்களோடு அவர் நிற்கவேண்டும். வேறு ஆளை அனுப்பினால் போகிறவருக்கு முதலில் இதை விளங்கப்படுத்தவேண்டும், அதற்கு நேரம் இல்லை.

"அண்ணை, இண்டைக்கு வெளிக்கிட்டால் உங்கடை முறை போயிடும். கொழும்பாலை வந்தவையிட்டை நான் பொய் சொல்லமாட்டன்."

"ஓம் மிஸ்."

"டொக்டருக்கு நான் சொல்லுறன். நீங்கள் எங்கடை ஊசியிலை கொஞ்சம் கொண்டு போங்கோ. சீனி பாக்கிற மெசினும் குளுக்கோசும் எடுங்கோ."

அவ்வளவுதான். போங்கோ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதியால் போனேன். பள்ளிக்கூடம் விட்ட சனம் கலைந்து ரோட்டு கொஞ்சம் வெளித்த நேரம். வழியில் ரயில் கடவை பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது.  தங்கச்சி வேறு ஊசி அனுப்பியிருந்தால் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். அதே நேரம் பொழுது மேற்கே சாய்வதையும் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால், என் ஊகம் பிழையாகிப் போகவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ரயில் ஒரு அவசரமும் இல்லாமல் ஆறுதலாக வந்து ஆறுதலாகப் போனது.

மயிலிட்டியில் துறைமுகத்துக்குக் கிட்ட எல்லா வீடும் ஒரே மாதிரிப் புதுவீடு. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், இந்தியாவிலிருந்து வந்த பூமணி அக்கா வீடு எது என்று கேட்டேன்.

"இஞ்சை பாதிப்பேர் இந்தியாவாலை வந்தவைதான் ஐயா. எந்தப் பூமணி?"

"கால்லை கட்டுப் போட்டவ. இண்டைக்குத்தான் ஆஸ்பத்திரியாலை வந்தவ."

அவருக்குப் பிடிபடவில்லை. செல்வராசா என்றேன். அதிலும் இரண்டு பேர் இருந்தார்கள்.  கடைசியில், எல்லாத்துக்கும் ஆமா போடுகிறவ என்றேன்.

"ஓ, ஆமா அக்காவோ" என்று வலையை விட்டுவிட்டு எழும்பினார். "உந்த ஒழுங்கையாலை போங்கோ, முருங்கை நிக்கிற வீடு."

மோட்டார் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன். அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. பூமணி அக்கா குசினி வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஒரு பீங்கான். பீங்கானில் மருந்து ஏற்றின ஊசி. அதன் மூடி சிவப்பு.

"போட்டிட்டியளோ அக்கா?"

என்னுடைய சத்தத்தில் அவர் பயந்துவிட்டார். "இல்ல தம்பி. இவரு மீனை இப்பத்தான் கொண்டாந்தாரு. சோறு இறங்கல. சோறு இறங்காம குத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன்.

செல்வராசா அண்ணை மீன் வெட்டின கையோடு வந்து நின்றார். என்னத்தைச் சொல்வதென்று யோசித்தேன். மிஸ்ஸின் மேசையில் பழகியதுதான் கைக்கு வந்தது. சொல்லவில்லை, காட்டினேன். சிவப்பு மூடி ஊசியிலிருந்த மருந்தைச் சுத்தமான ஒரு கிண்ணத்தில் விட்டேன். எங்கள் ஊசியால் அதை இழுத்தேன். இருபதைத் தாண்டியது. முப்பது, நாற்பது. ஐம்பதில் வந்து நின்றது. இரண்டு ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன்.

 அக்காதான் முதலில் கேட்டார்.

"அப்ப, நான்தான் என்னை விழுத்தினேனா?"

"இல்லை அக்கா. அந்த மருந்துக்கு இந்த ஊசி சரி. எங்கடை மருந்துக்கு எங்கடை ஊசி. உங்கடை கையிலை ஒரு பிழையும் இல்லை."

செல்வராசா அண்ணை அறைக்குள் போனார். கட்டுக் கட்டாக இருந்த ஊசியெல்லாவற்றையும் ஒரு உரப்பைக்குள் அள்ளிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பிறகு மனிசியின் பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய காற்கட்டைச் சும்மா தடவினார். மத்தியானம் அத்தனை பகிடி விட்ட மனிசன்.

மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். மருந்தை ஏத்தி வைத்திருந்தவ, இன்னும் குத்தேல்லை என்று சொன்னேன்.   உடனே சீனி எவ்வளவு என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். டொக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி எடுத்தார். சோறு இறங்கினபிறகு எங்கள் ஊசியால் இருபது போடச் சொன்னார். அக்காவே இழுத்தார், அக்காவே போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டு முடியும்வரை போகவேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கும் ஒரு கோப்பையில் சோறும் மீன்குழம்பும் வந்தது. காலையிலிருந்து இறங்காத சாப்பாடு அன்றைக்கு இறங்கியது.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் என் பெயருக்கு நேரே சமுகமளிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. அவர்களுக்கு நாலு பேர் என்றால் நாலு பேர். நான் வார்ட்டுக்குத் திரும்பிப் போய், அடுத்த பயிலுனர் பிரிவோடு மறுபடி மதிப்பீட்டுக்கு நின்று, சித்தியடைந்தேன். ஓய்வு பெறுமுன் சில வருஷம்தான் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. வைத்தியர் சுற்றுவட்டாரக் கிளினிக்குகளுக்கெல்லாம் சொல்லி, இந்தியாவால் வந்தவர்களின் ஊசியைப் பார்க்கச் செய்தார். இன்னும் சிலரிடம் சிவப்பு மூடி இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் அன்றைய பின்னேரத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது கிளினிக் பூட்டுகிற நேரம் கடந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. என்னுடைய தட்டு அடுக்கினபடியே மேசையில் இருந்தது. மிஸ் உரப்பையை வாங்கி, அவருடைய வழக்கப்படி மேசையில் கொட்டினார். சிவப்பு மூடிகள் உருண்டு பரவின. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் கோடுகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கதிரையை இழுத்து, அதில் இருந்தார். அவர் அதில் இருந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

"தம்பி" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. "நான் இந்தியாவாலை வந்தனான். பத்து வரியமா நானே குத்துறன். எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் என்ன புதுசாச் சொல்லித் தரப்போறியள்?"

என் மதிப்பீட்டைத்தான் தொடங்கியிருக்கிறார் என்று பிடிபட, நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். முதலிலிருந்து தொடங்கினேன். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார், பிழையாகச் செய்தார், கண்டபடி தலையாட்டினார். ஒன்றையும் நான் விடவில்லை. கடைசியில், "அக்கா, இப்ப எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மேசையில் பரவிக் கிடந்ததில் ஒரு சிவப்பு மூடியை எடுத்து, எங்கள் போத்தலில் குத்தி, இருபதாம் கோடு வரை இழுத்தார்.

நான் கையை நீட்டி ஊசியைப் பிடித்தேன். அவர் உடனே விடவில்லை. கொஞ்சநேரம் இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.

"சரி அண்ணை" என்று எழும்பினார். "வீட்டை போங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்."

மகள், விண்ணப்பத்தைப் போடு. அந்த மேசைக்கு முன்னால் ஒரு கதிரைதான் இருக்கும். அதில் நீ இருக்காதே.